போதுமா என்னும் கேள்வி: மடிக்கணினி வரைகலை அட்டையின் கால்நூற்றாண்டு

சென்ற சித்திரையில் ஒரு பிற்பகல். வெளியே வெயில் காய்ந்துகொண்டிருந்தது. விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்த என் அறை வாசலில் இளங்கலைத் தமிழ் இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் வந்து நின்றார். கையில் வண்ணாரப்பேட்டைக் கடையொன்றில் எழுதி வாங்கிய விலைச்சீட்டு.

"சார், லேப்டாப் ஒண்ணு வாங்கப் போறேன். மிட் ரேஞ்ச் கிராபிக்ஸ் கார்டு இருக்குன்னு கடையில சொல்லுதாங்க. சும்மா அப்பப்ப கேம் விளையாட இது போதுமா சார்?"

முக்கூடல் பக்கத்துப் பிள்ளை. தாயார் பீடி சுற்றுகிறார். மகளிர் குழுவில் கடன் எடுத்துத்தான் கணினி வாங்கப்போகிறார்கள். தனி வரைகலை அட்டை உள்ள கணினிக்கும் இல்லாத கணினிக்கும் சீட்டிலிருந்த விலை வேறுபாடு இருபத்தைந்தாயிரம் ரூபாய். அந்த வீட்டில் அது எத்தனை மாதத்துக் கைவலி என்பதை நெல்லைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

"விளையாடவா கடன் வாங்குகிறாய்?" என்று கேட்க நா எழுந்தது, அடக்கிக்கொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு மாணவரிடம் இதே கேள்வியைக் கேட்டு அவரை வாயடைக்கச் செய்தவன் நான். போதுமா என்று கேட்டவருக்கு ஏன் என்ற எதிர்க்கேள்வி விடையாகாது. ஆசிரியர்கள் விடை சொல்லாதபோது பிள்ளைகள் விளம்பரத்திடம் போய்க் கேட்கிறார்கள்.

'நாளை வா' என்று சொல்லி அனுப்பிவிட்டு, அன்றிரவு படித்ததையும் என் நினைவில் இருந்ததையும் சேர்த்து எழுதிக்கொண்ட குறிப்பே இக்கட்டுரை. தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் நகைக்கலாம். வேலை இருக்கிறது. இந்த வரலாற்றில் பாதி, பெயர்களின் வரலாறு.

பாளையங்கோட்டை மாடிப்படிகள்

இரண்டாயிரத்தையொட்டிய ஆண்டுகளில் பாளையங்கோட்டையில் கல்லூரிகளைச் சுற்றி மாடிகளெங்கும் பிரவுசிங் சென்டர்கள் முளைத்திருந்தன. மின்னஞ்சல் பார்க்கப் போனவர்களைவிட விளையாடப் போனவர்களே மிகுதி. ஒட்டுப்பலகைத் தடுப்புக்குப் பின்னால் ரோடு ராஷ் வண்டிகளின் உறுமல் கேட்கும்.

முப்பரிமாணக் காட்சிகளை வரைவதற்கென்றே தனி அட்டை என்னும் எண்ணத்தைப் பரவலாக்கியது 1996இல் திரீடிஎஃப்எக்ஸ் நிறுவனம் வெளியிட்ட வூடூ அட்டை. அது முப்பரிமாண வேலையை மட்டுமே செய்யும். சாதாரணத் திரைக்கு வேறோர் அட்டை உடன் இருக்க வேண்டும். 1999இல் என்விடியா நிறுவனம் ஜிஃபோர்ஸ் 256 என்பதை வெளியிட்டு, உலகின் முதல் 'ஜி.பி.யு.' அதுவே என்று அறிவித்தது. அதே 1999இல் இன்டெல் நிறுவனம் 810 என்னும் சில்லுத்தொகுதியை வெளியிட்டது. அதில் வரைகலை, தாய்ப்பலகையிலேயே அடங்கியிருந்தது. தனி அட்டை வேண்டியதில்லை; செலவும் குறைவு.

இவ்விரு பாதைகளில் மாடிக் கடைக்காரர்களுக்குக் கட்டுப்படியானது இரண்டாவதே. 2003இல் கணினிக்கு வந்த ஜி.டி.ஏ. வைஸ் சிட்டி, குறைந்த அளவாக 800 மெகாஹெர்ட்ஸ் செயலியும் 128 எம்.பி. நினைவகமும் 32 எம்.பி. வரைகலை நினைவகமும் கேட்டது. தாய்ப்பலகை வரைகலையிலேயே அது ஓடியது. சற்றுத் திக்கித் திணறித்தான் ஓடியது. ஆயினும் பக்கத்து இருக்கைக்காரர்கள் திரையின் அளவைக் குறைத்து, நிழல்களை நீக்கி, மணிக்கணக்கில் ஆடினார்கள். அவர்கள் யாரும் இலக்கணம் படித்தவர்களல்லர். எதை விட்டுக்கொடுத்தால் எது கிடைக்கும் என்பதைக் கையால் கற்றவர்கள். போதுமா என்ற கேள்விக்கு நம் ஊர் கண்ட முதல் விடை அதுவே.

இடுகுறியும் காரணமும்

இனிப் பெயர்களுக்கு வருவோம். பெயர்ச்சொற்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் நன்னூலார் பகுப்பதைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். காரணம் பற்றி வருவது காரணப்பெயர். காரணமின்றி இட்டு வழங்குவது இடுகுறி. வரைகலை அட்டைகளின் பெயர்கள் காரணப்பெயர்போலத் தோன்றும் இடுகுறிகள். எண் பெரிதானால் ஆற்றலும் பெரிது என்று படிப்பவர் காரணம் கற்பித்துக்கொள்கிறார். விற்பவர் அதை மறுப்பதில்லை.

சான்று பழையது. 2001இல் வந்த ஜிஃபோர்ஸ் 3 அட்டையில், ஒளியும் நிழலும் எப்படி விழவேண்டும் என்பதை விளையாட்டை எழுதுவோரே நிரலாகக் கட்டளையிடும் வசதி புகுந்தது. மறு ஆண்டு ஜிஃபோர்ஸ் 4 வந்தது. அதில் இரு கிளைகள்: டிஐ, எம்எக்ஸ். விலை குறைந்த எம்எக்ஸ் கிளை ஜிஃபோர்ஸ் 2 காலத்துக் கட்டமைப்பின் வழிவந்தது; மேற்சொன்ன நிரல் வசதி அதில் முழுமையாக இல்லை. பெயரில் நான்கு, திறத்தில் மூன்றுக்கும் கீழ். பின்னர் அவ்வசதியைக் கட்டாயமாகக் கேட்ட விளையாட்டுகள் வந்தபோது, நான்கை வாங்கியவர்கள் வெளியே நின்றார்கள்.

இது பழங்கதையும் அன்று. 2021 இறுதியில் மடிக்கணினிக்கென அறிவிக்கப்பட்ட ஆர்.டி.எக்ஸ். 2050 என்னும் அட்டையைக் காண்க. பெயர் 20 வரிசையைச் சுட்டுகிறது. உள்ளிருக்கும் கட்டமைப்போ 30 வரிசைக்குரியது. அங்கே பெயர் உயர்ந்து பொருள் தாழ்ந்தது. இங்கே பெயர் பழையது, பொருள் புதியது, ஆனால் நினைவகப் பாதை குறுகியது. பெயரை வைத்து எதையும் துணிய முடியாது என்பதே இரண்டாலும் பெறப்படும் செய்தி.

வெப்பமும் மின்வெட்டும்

மேசைக் கணினியின் அட்டையைப் பற்றிச் சொன்னவை மடிக்கணினிக்கு அப்படியே பொருந்தா. 2000ஆம் ஆண்டின் இறுதியில் ஜிஃபோர்ஸ் 2 கோ என்னும் பெயரில் என்விடியாவின் முதல் மடிக்கணினி வரைகலைச் சில்லு அறிவிக்கப்பட்டது. அன்று தொடங்கிய போராட்டம் வெப்பத்தோடு. இரண்டு விரற்கடைத் தடிமனுள்ள பெட்டிக்குள் அடுப்பை வைத்து மூடுவது எளிதா? 2008 சூலையில், மடிக்கணினிச் சில்லுகள் சிலவற்றின் பொதிவுப் பொருளில் குறை நேர்ந்தமையால் அவற்றை மாற்றித்தரும் செலவுக்கென 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அந்நிறுவனமே அறிவித்தது. சூடாவதும் ஆறுவதும் மாறிமாறி நிகழ, பற்றவைப்புகள் விட்டுப்போயின.

தமிழ்நாட்டில் மடிக்கணினி ஏழை வீட்டுக்குள் நுழைந்தது 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால். எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்து, அரசு, அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு வழங்கிற்று. விண்டோசுடன் பாஸ் லினக்சும் அதில் இருந்தது. வரைகலை, செயலியோடு சேர்ந்து வந்த எளிய வகை. படிக்கக் கொடுத்த பெட்டியில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு ஆசிரியர் அறைகளில் அன்றாடப் பேச்சாயிற்று. அந்தப் பேச்சில் என் குரலும் உண்டு.

2012 மின்வெட்டு ஆண்டு. சென்னைக்கு வெளியே பகலின் பெரும்பகுதி மின்சாரம் இல்லை. நம் மாவட்டத்துக் கூடங்குளத்தின் முதல் உலை 2013 அக்டோபரில்தான் மின்தொகுப்போடு இணைந்தது. ஒருநாள் இருண்ட வகுப்பறையின் கடைசி வரிசையில் ஒரு மாணவர் அரசு மடிக்கணினியில் விளையாடிக்கொண்டிருந்தார். "விளையாடவா கொடுத்தார்கள்?" என்று கேட்டேன். அவர் எழுந்து நின்று சொன்னார்: "இல்ல சார். பேட்டரியில ஓடும்போது வேகம் கொறையுது. ஸ்கிரீன் அளவக் கொறச்சா சரியாகுதான்னு பாத்தேன்." மூடி வைக்கச் சொன்னேன். மின்கலத்தில் ஓடும்போது சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் என்பதை நான் அறிந்தது பல ஆண்டுகள் கழித்து. அன்று வகுப்பில் ஆராய்ச்சி செய்தவர் அவர். அதைத் தடுத்தவன் நான்.

ஒரே பெயர், வேறு வாட்

2016இல் என்விடியா, மடிக்கணினி அட்டைப் பெயர்களின் இறுதியில் வழங்கிவந்த 'எம்' என்னும் எழுத்தை நீக்கியது. மேசைக் கணினி அட்டைக்கும் மடிக்கணினி அட்டைக்கும் அதன்பின் ஒரே பெயர். 2017இல் மெலிந்த பெட்டிகளுக்காக 'மேக்ஸ்-கியூ' என்ற அடைமொழி வந்தது. அதே ஆண்டு வந்த எம்.எக்ஸ். 150 என்னும் எளிய அட்டை இரண்டு வடிவங்களில் விற்கப்பட்டதை 2018இல் சோதனையாளர்கள் கண்டுபிடித்தார்கள்: ஒன்று 25 வாட், மற்றொன்று 10 வாட். பெயரில் வேறுபாடு இல்லை. வேகத்தில் பெரும் வேறுபாடு.

இன்று நடுத்தரம் எனப்படும் அட்டைகளிலும் இதே நிலை. 2023இல் வந்த மடிக்கணினி ஆர்.டி.எக்ஸ். 4050, கணினி செய்யும் நிறுவனத்தின் விருப்பப்படி 35 வாட் முதல் 115 வாட் வரை எந்த அளவிலும் அமைக்கப்படலாம். மூன்று மடங்குக்கு மேற்பட்ட இடைவெளி! விலைச்சீட்டில் '4050' என்று மட்டும் எழுதியிருந்தால் பாதிச் செய்திதான் எழுதியிருக்கிறது என்று பொருள். எத்தனை வாட் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பின்பே மீதிப் பாதி விளங்கும்.

நம் ஊர்க் கோடையையும் இதனோடு கூட்டிக்கொள்ள வேண்டும். குளிரூட்டிய அறையில் சோதித்து எழுதிய எண்கள், 38 டிகிரி வெயிலில் தகரக்கூரை வீட்டில் அப்படியே நில்லா. சில்லு ஏறத்தாழ 90 டிகிரியை நெருங்கும்போது தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். 115 வாட் அட்டை வாங்கியும், காற்றோட்டம் போதாத பெட்டியானால், கிடைப்பது அதற்கும் குறைவே.

கால்வாயும் கடைமடையும்

ஆற்றல் எவ்வளவு இருந்தாலும் அது வந்துசேரும் வழி ஒன்று வேண்டும். தாமிரபரணிப் பாசனத்தை அறிந்தவர்க்கு இதைச் சொல்வது எளிது. பாபநாசம் அணையின் முழு மட்டம் 143 அடி. அணை நிறைந்திருக்கிறது என்ற செய்தியால் மட்டும் வயல் நனைந்துவிடாது. அணைக்கட்டிலிருந்து பிரியும் காலின் அகலம் எவ்வளவு, அதில் எத்தனை பேருக்குப் பங்கு என்பவை வேண்டும். செயலியோடு சேர்ந்த வரைகலைக்குத் தனிக் கால் இல்லை. கணினியின் பொது நினைவகத்தையே அது செயலியோடு பங்கிட்டுக்கொள்கிறது.

டி.டி.ஆர்.4-3200 வகை நினைவகத் துண்டு ஒன்று மட்டும் பொருத்தியிருந்தால் வினாடிக்கு 25.6 ஜி.பி. தரவு செல்லும், இரண்டு பொருத்தினால் 51.2 ஜி.பி. தனி அட்டையான 4050க்கோ, தனக்கேயுரிய நினைவகத்தில் 192 ஜி.பி. ஓட்டம் உண்டு. ஒற்றைத் துண்டோடு விற்கப்படும் மடிக்கணினியில், உள்ளமைந்த வரைகலை பாதிக் கால் அடைபட்ட வயல்போலத் தவிக்கிறது. 2020இல் இன்டெல் வெளியிட்ட ஐரிஸ் எக்ஸ்-இ வரைகலையில் இது பெயரிலேயே வெளிப்படும்: இரு பாதையிலும் நினைவகம் இருந்தால்தான் கணினி அதனை அப்பெயரால் காட்டும், ஒன்றே இருந்தால் வெறும் யு.எச்.டி. என்று காட்டும். இக்கால்நூற்றாண்டில் நான் கண்ட ஒரே நேர்மையான காரணப்பெயர் இதுதான்!

அடுத்தது கடைமடை. வினாடிக்கு 60 காட்சிகள் என்றால், ஒரு காட்சியை வரைய 16.7 மில்லிவினாடிதான் கிடைக்கும். சோதனைக்காரர்கள் சராசரி எண்ணை முன்னே வைப்பர். சராசரி என்பது அணையின் நீர்மட்டம் போன்றது. திருவைகுண்டத்துக்குக் கீழே கடைசிக் குளத்துக்காரர் அதைக் கேட்டு மகிழமாட்டார். தம் மடைக்கு என்று தண்ணீர் வரும் என்றுதான் கேட்பார். விளையாடுபவர் கண்ணை உறுத்துவதும் சராசரியன்று. கூட்டம் திரண்ட தெருவிலோ வெடிப்பிலோ காட்சி திடீரெனத் தடுமாறும் கணம். ஆகவே மிக மெதுவாக வந்த நூற்றில் ஒரு பங்குக் காட்சிகளின் வேகம் எவ்வளவு என்று பார்க்கவேண்டும். சராசரி 60, கடைமடை 45 எனில் போதும். சராசரி 80, கடைமடை 20 எனில் போதாது.

2022க்குப் பின் அந்தச் சராசரியையும் நீட்டும் வழி வந்துவிட்டது. இரண்டு உண்மைக் காட்சிகளுக்கு நடுவே கணித்து உண்டாக்கிய காட்சிகளைச் செருகும் நுட்பம் அது. பார்வைக்கு வழுவழுப்புக் கூடும். கை அசைவுக்குத் திரை தரும் எதிர்வினை அதனால் விரைவதில்லை. விளம்பர எண்ணில் இவ்வகைக் காட்சிகளும் சேர்ந்திருக்கின்றனவா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

எதற்குப் போதும்?

இனி விடை. போதும் என்பது அட்டையின் பண்பன்று. அட்டைக்கும் வேலைக்கும் உள்ள உறவு. அணை மட்டத்தைப் பார்த்துத்தான் காருக்குத் தண்ணீர் திறப்பதா, பிசானத்துக்குக் காத்திருப்பதா என்று முடிவு செய்கிறார்கள். பயிரைச் சொல்லாமல் நீர் போதுமா என்று கேட்க முடியாது.

பயிர்க்கணக்கு இது. 1366க்கு 768 என்னும் திரையில் 10,49,088 புள்ளிகள். 1920க்கு 1080இல் 20,73,600. 2560க்கு 1600இல் 40,96,000. அதே அட்டை, திரை மாறினால் நான்கு மடங்கு வேலை செய்ய வேண்டிவரும். நடுத்தர அட்டையோடு மிகுதெளிவுத் திரையைச் சேர்த்து விற்கும் கணினி, சிறு மாட்டைப் பெரு வண்டியில் பூட்டியதற்கு ஒப்பாகும்.

விளையாட்டையும் பார்ப்போம். 2020இல் வந்த வேலரண்ட், குறைந்த அளவாகக் கேட்பது 2012இல் செயலியோடு வந்த இன்டெல் எச்.டி. 4000 வரைகலையை. 2015இல் கணினிக்கு வந்த ஜி.டி.ஏ. 5, பரிந்துரை அளவாகவே 2 ஜி.பி. அட்டையைத்தான் கேட்டது. புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பமொன்றின் சமையலறையை வைத்து 2023இல் வெளிவந்து, மறு ஆண்டு முதற்படைப்புக்கான பாஃப்டா விருதும் பெற்ற 'வெண்பா' விளையாட்டு, நிண்டெண்டோ ஸ்விட்ச் என்னும் கையடக்கக் கருவியிலேயே ஓடும். இத்தகையவற்றை மாலையில் ஒருமணி நேரம் ஆடுபவருக்கு, இரண்டு நினைவகத் துண்டு உள்ள அண்மைக்காலச் செயலியின் உள்வரைகலையே பெரும்பாலும் போதும். 60 வாட்டுக்கு மேல் அமைந்த நடுத்தரத் தனி அட்டை, 1080 திரையில், போதும் என்பதற்கும் ஒரு படி மேல்.

நடுத்தர அட்டை உண்மையில் தேவைப்படுவது, அண்மையில் வந்த பெரும் விளையாட்டுகளை நடுநிலைத் தரத்தில் ஆட விரும்புவோர்க்கு. அவர்களும் 4 ஜி.பி. நினைவகமுள்ள அட்டையில் பணம் போடுமுன் இருமுறை எண்ணவேண்டும், 6 ஜி.பி.யே இன்று ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கிறது.

மறுநாள் மாணவர் வந்தார். நீ ஆட விரும்பும் விளையாட்டுகளை எழுது என்றேன். நான்கு எழுதினார். மூன்று பழையவை, நான்காவது, அண்மையில் வந்த பெரிய விளையாட்டு ஒன்று. விடுதி நண்பரின் அட்டையில்லா மடிக்கணினியில் மூன்றையும் ஒரு வாரம் ஆடிப்பார்க்கச் சொன்னேன். அதில் நினைவகத் துண்டு ஒன்றா இரண்டா என்று பார்க்கவும் சொல்லியனுப்பினேன்.

ஒரு வாரம் கழித்து, அட்டையில்லாத கணினியை வாங்கி, காலியாக இருந்த இடத்தில் இரண்டாம் நினைவகத் துண்டையும் போட்டுக்கொண்டதாகச் சொன்னார். இருபத்தைந்தாயிரத்தில் துண்டுக்கானது போக மீதி, கடனில் குறைந்தது.

"நாலாவது கேம் இதுல ஓடாது சார். தெரிஞ்சுதான் வாங்குனேன்" என்றார்.

2012இல் கடைசி வரிசையில் எழுந்து நின்ற அந்த மாணவரை நினைத்துக்கொண்டேன். அவர் தொடங்கிய சோதனையை இவர் முடித்திருக்கிறார்.